தையில் வெடித்தது, வைகாசியில் ஒழுகியது: ஸ்காபரோ வீடொன்றின் தோட்டத்துக் குழாய்

கனடாவில் விக்டோரியா தினம் மே 25க்கு முந்தின திங்கட்கிழமை வரும். ரொறன்ரோப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் அந்த நீண்ட வார இறுதிக்குத்தான் கத்தரியும் மிளகாயும் பயற்றங்கொடியும் வெளியே போகும். பங்குனியிலிருந்து ஜன்னலோரத்தில் வளர்ந்த கன்றுகள் அவை. அவசரப்பட்டு முன்னதாக நட்டால் ஒரே இரவுக் குளிரில் கருகிவிடும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் என் அக்கா வீட்டிலும் அந்தச் சனிக்கிழமை இதே வேலைதான் நடந்தது. அத்தான் பின்வளவில் மண்ணைக் கொத்திப் புரட்டினார். அக்கா கன்றுகளை நட்டார். பிறகு ஹோஸைப் பூட்டித் தண்ணீரைத் திறந்தார்கள். குளிர்காலம் முடிந்தபின் தோட்டத்துக் குழாயைத் திறந்தது அன்றுதான். முக்கால் மணி நேரம் தண்ணீர் ஓடியிருக்கிறது.

பின்னேரம் ஐந்து மணிக்கு அக்கா ஃபோன் எடுத்தார். "தம்பி, கீழே பேஸ்மென்ட் சுவர் ஊறிக் கிடக்கு. நிலமும் மேலே எழும்பி நிக்குது. மழைத் தண்ணியாத்தான் இருக்கும் எண்டு அத்தான் சொல்லுறார். ஒருக்கா வந்து பாக்கிறியே?"

நான் இந்த நகரத்தில் பதினெட்டு வருடமாகப் பிளம்பிங் வேலை செய்கிறேன். சித்திரைக் கடைசியிலிருந்து ஆனி வரை இப்படியான அழைப்புகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றுள் அக்கா வீட்டு நிகழ்வை மட்டும் முழுதாக எழுத நினைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அத்தான் கவனக்குறைவான ஆள் இல்லை. "குளிருக்கு முன் ஹோஸைக் கழற்றுங்கள்" என்று நான் சொன்னதை ஒக்டோபரிலேயே செய்து முடித்தவர். அப்படியும் பைப் வெடித்தது. ஏன் வெடித்தது என்பதும், நான்கு மாதம் அது ஏன் ஒருவர் கண்ணிலும் படவில்லை என்பதும் குளிர்நாட்டில் வீடு வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வீடும் அந்தக் குளிர்காலமும்

வீடு 1980களில் கட்டியது. வெளியே செங்கல், உள்ளே மரச்சட்டம், தண்ணீருக்குச் செப்புப் பைப். வாங்கிய சில வருடங்களில் பேஸ்மென்ட்டுக்கு, அதாவது நிலக்கீழ்த் தளத்துக்கு, ட்ரைவால் என்ற ஜிப்சப் பலகை அடித்து, லாமினேட் தரை போட்டு, ஒரு அறையும் இருந்து பேச ஒரு கூடமுமாக மாற்றினார்கள். வெளிச்சுவரில் இரண்டு குழாய்கள்: ஒன்று பின்வளவுப் பக்கம், மற்றது கராஜ் பக்கம். இரண்டுமே "உறையாத குழாய்" என்று கடைகளில் விற்கும் வகை.

இந்தக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கினால் மீதி எல்லாம் விளங்கும். ஊரில் நாங்கள் பழகிய குழாயில் பிடியைத் திருகினால் தண்ணீர் அந்த இடத்திலேயே அடைபடும். இங்கே அப்படி ஒன்றை வெளிச்சுவரில் வைத்தால் மார்கழியைத் தாண்டாது. உறையாத குழாயின் பிடி வெளியே இருக்கும், தண்ணீரை அடைக்கும் வாஷரோ 8 முதல் 12 அங்குலம் உள்ளே, வீட்டின் சூட்டுக்குள் இருக்கும். இரண்டையும் இணைப்பது ஒரு நீண்ட தண்டு. குழாயை மூடியதும் வாஷருக்கு வெளிப்பக்கம் உள்ள குழல் தானாக வடிந்து வெறுமையாகிவிடும். உள்ளே தண்ணீர் இல்லையென்றால் உறைய ஒன்றும் இல்லை. குழலை வெளிப்பக்கம் சற்றே சரித்துப் பூட்டுவதும், குளிர்காலத்தில் வாயில் ஒன்றும் பூட்டியிருக்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான். தண்ணீர் வடிய வழியில்லாவிட்டால் இந்தக் குழாயும் சாதாரணக் குழாய் போலவே வெடிக்கும்.

அக்காவும் அத்தானும் டிசம்பர் நடுவில் யாழ்ப்பாணம் போனார்கள். பொங்கலை அங்கே கொண்டாடிவிட்டுப் பெப்ரவரி முதல் வாரம் திரும்பினார்கள். ஹீட்டரை 16 பாகையில் விட்டிருந்தார்கள். சிநேகிதர் ஒருவரின் மகன் ஒன்றுவிட்ட ஒரு நாள் வந்து வீட்டைப் பார்த்து, சாடிக் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான். அந்தத் தண்ணீருக்காகவே வீட்டுக்கு வரும் தலை வால்வை அவர்கள் மூடவில்லை. ஜனவரியில் மைனஸ் 20ஐ ஒட்டி இறங்கிய இரவுகள் சில இருந்தன. ஆனால் வீட்டுக்குள் ஒரு குறையும் இல்லை. திரும்பி வந்தபோது சமையலறை, குளியலறை என்று எல்லா இடத்திலும் தண்ணீர் வழமைபோல வந்தது. குளிர்காலம் நல்லபடியாகப் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

மழையா, சம்ப்பா, சாக்கடையா

நான் போய்ச் சேர ஆறு மணியாகிவிட்டது. பேஸ்மென்ட்டின் பின்சுவரில், சிறிய ஜன்னலுக்குக் கீழே, ட்ரைவால் நிலத்திலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஊறிக் கறுத்திருந்தது. லாமினேட் பலகைகள் பொருத்துகளில் உப்பி நின்றன. கூரையில், சுவரும் கூரையும் சேரும் மூலையில் மட்டும் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு.

அத்தானின் ஊகத்தில் நியாயம் இருந்தது. வியாழக்கிழமை நல்ல மழை. ஊறல் ஜன்னலுக்கு நேர் கீழே. ஜன்னலுக்கு வெளியே உள்ள தகரக் குழிக்குள் சருகு நிறைந்திருந்தது. தோட்டத்துக் குழாயோ ஜன்னலிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தச் சந்தேகம் யாருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

முதலில் சம்ப் குழியை, அதாவது அத்திவாரத்தைச் சுற்றி ஊறும் தண்ணீர் சேர்ந்து பம்ப்பால் வெளியே போகும் குழியை, திறந்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றினேன். மிதவை எழும்பியது, பம்ப் ஓடியது. அடுத்தது தரைச் சாக்கடை. அதைச் சுற்றி ஈரமும் இல்லை, நாற்றமும் இல்லை. பிறகு தண்ணீர் மீட்டர். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்லி, கழிப்பறைத் தொட்டிகள் நிறையும் வரை பொறுத்திருந்து, மீட்டரின் எண்ணைக் குறித்தேன். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தபோது அதே எண். எங்கேயாவது பைப் ஒழுகினால் அந்த எண் நகர்ந்திருக்க வேண்டும். எந்தப் பிளம்பரும் முதலில் செய்யும் சோதனை இது, நம்பத் தகுந்ததும்கூட. ஆகவே பைப் இல்லை, மழைத் தண்ணீர்தான் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பின்னர் பலமுறை யோசித்தேன். அத்தான் அத்திவாரத்துக்கு நீர்க்காப்புப் போடும் ஆட்களைக் கூப்பிட்டிருப்பார். வளவைத் தோண்டி ஆயிரக்கணக்கான டொலர் செலவழித்திருப்பார்கள். இடையில் அக்கா ஒவ்வொரு பின்னேரமும் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டிருப்பார். ஒவ்வொரு தடவையும் சுவருக்குள் தண்ணீர் கொட்டியிருக்கும்.

என்னைத் தடுத்தது அந்த மஞ்சள் கோடு. ஜன்னல் குழியால் வரும் மழைத் தண்ணீர் கூரை மூலையைத் தொடாது. அதனால் கேட்டேன்: "அக்கா, இண்டைக்கு வழமையில்லாமல் வீட்டில என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டுமில்லை. கண்டு நட்டனாங்கள். தண்ணி விட்டனாங்கள். அவ்வளவுதான்."

பெருவிரல் சோதனை

வெளியே போனேன். ஹோஸைக் கழற்றினேன். அத்தானைப் பேஸ்மென்ட்டில் நிற்கச் சொல்லிவிட்டு, குழாயைப் பாதி திறந்து வாயைப் பெருவிரலால் அழுத்தி மூடினேன். பைப் நன்றாக இருந்தால் நகரத் தண்ணீரின் அழுத்தத்தைப் பெருவிரலால் தடுக்க முடியாது, விரலைத் தள்ளிக்கொண்டு பீறும். இங்கே சுலபமாக அடங்கிவிட்டது. தண்ணீருக்கு வேறு வழி இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. அதே நேரம் உள்ளேயிருந்து அத்தான் சத்தம் போட்டார்: "சுவருக்குள்ள மழை பெய்யுற மாதிரிக் கேக்குது!"

உடனே மூடினேன். சத்தம் நின்றது.

மீட்டர் ஏன் அசையவில்லை என்பதற்கும் இதுதான் விடை. வெடிப்பு வாஷருக்கு வெளிப்பக்கத்துக் குழலில் இருந்தது. குழாய் மூடியிருக்கும் வரை அந்தக் குழலுக்குத் தண்ணீரே வராது. தை மாதத்தில் பிளந்த குழல் தை, மாசி, பங்குனி, சித்திரை முழுக்க ஒரு சொட்டும் விடாமல் காத்துக் கிடந்து, தண்ணீர் திறந்த அன்றுதான் தன்னைக் காட்டியது. இரண்டு நாள் கழித்து நகரசபையின் இணையக் கணக்கில் தண்ணீர்ப் பாவனையைப் பார்த்தோம். அவர்கள் திரும்பி வந்த பெப்ரவரியிலிருந்து நாளொன்றுக்கு ஒரே அளவுதான். அந்தச் சனிக்கிழமை மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு.

2021 பெப்ரவரியில் டெக்சாஸில் பனிப்புயல் அடித்து, 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டடங்களும் மின்சாரம் இல்லாமல் உறைந்தன. அங்கே எண்ணற்ற வீடுகளில் பைப் வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் படங்கள் இன்னும் நினைவில் நிற்கின்றன. அவை எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் உள்பைப்கள். பனி இளகிய அந்த மணித்தியாலத்திலேயே ஒழுகத் தொடங்கிவிடும். பேரிழப்புத்தான், ஆனாலும் உடனே தெரிந்துவிடும். தோட்டத்துக் குழாயின் வெடிப்பு அந்த வகை இல்லை. குளிர்காலத்துச் சேதத்தைக் குளிர்காலத்திலேயே தேடினால் இது அகப்படாது.

சுவருக்குள் கண்டது

கூரை ட்ரைவாலில் ஓரடிச் சதுரம் வெட்டினேன். குளிரைத் தடுக்க அடைத்திருந்த கண்ணாடிப் பஞ்சை ஈரத்தோடு பிடுங்கி எடுத்ததும் குழல் தெரிந்தது. வாஷர் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், செப்பு ஒரு பக்கம் வயிறு ஊதி, நீளவாக்கில் ஓரங்குலம் கிழிந்திருந்தது. அங்கிருந்து விழுந்த தண்ணீர் மரச்சட்டத்தின் மேல் ஓடி, ஒன்றரை மீட்டர் தள்ளி ஜன்னலடியில் இறங்கியிருக்கிறது. மரச்சட்ட வீடுகளில் தண்ணீர் தெரியும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அரிது.

சரி, குழல் ஏன் வடியவில்லை? முதல் சந்தேகம் சரிவு. நீர்மட்டக் கருவியை வைத்துப் பார்த்தேன். குழல் வெளிப்பக்கம் ஒழுங்காகச் சரிந்திருந்தது. பூட்டியவர் நல்ல வேலைக்காரர். அடுத்தது ஹோஸ்.

"நான் ஹோஸைக் கழட்டினனான் தானே," என்றார் அத்தான். குரலில் வருத்தம் இருந்தது. அவர் கழற்றியது உண்மை. ஹோஸ் சுருட்டிய நிலையில் குளிர்காலம் முழுக்கக் கராஜில் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் குழாய் வாயில் ஒரு பித்தளைக் கவை பூட்டியிருந்தது. ஒரு குழாயிலிருந்து இரண்டு ஹோஸ் இழுப்பதற்காகக் கடைகளில் விற்பது, இரண்டு கையிலும் ஒவ்வொரு சிறு வால்வு. அத்தான் ஒக்டோபரில் ஹோஸைக் கழற்றியபோது கவையின் வாயால் தண்ணீர் சொட்டியிருக்கிறது. சொட்டுகிறதே என்று இரண்டு சிறு வால்வுகளையும் இறுக்கி மூடிவிட்டார். நல்ல மனிதர் எவரும் செய்யக்கூடியது. குழலுக்குள் இருந்த கடைசிக் கொஞ்சத் தண்ணீரும் உள்ளேயே நின்றுவிட்டது.

உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். பனிக்கட்டி பக்கவாட்டில் தள்ளித்தான் பைப்பை உடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. குளிர் வெளியிலிருந்து வருவதால் குழாய் வாயில்தான் முதலில் கட்டி பிடிக்கும். அந்தக் கட்டி உள்நோக்கி வளர வளர, அதற்கும் வாஷருக்கும் இடையில் அகப்பட்ட தண்ணீர் நெருக்கப்படும். தண்ணீர் சுருங்காது. போவதற்கு வழியும் இல்லை. இந்தக் குழாயில் வாஷரும் விட்டுக்கொடுக்காது, ஏனென்றால் வெளிப்பக்கத்திலிருந்து வரும் அழுத்தம் அதைத் தன் இருக்கையில் இன்னும் இறுக்கவே செய்யும். கடைசியில் செப்புக் கிழிகிறது. அதனால்தான் கிழிசல் உறைந்த வாயில் இல்லாமல், உள்ளே, வாஷருக்குப் பக்கத்தில் இருந்தது.

இவ்வளவுக்கும் ஒரு பாதுகாப்பு வீட்டில் இருந்தது. இங்கே பல வீடுகளில் தோட்டத்துக் குழாய்க்கு உள்ளே ஒரு தனி வால்வு இருக்கும், அதன் பக்கத்தில் ஒரு சிறு வடிகால் மூடி. இலையுதிர் காலத்தில் உள்வால்வை மூடி, வெளிக்குழாயைத் திறந்து, அந்தச் சிறு மூடியைக் கழற்றினால் நடுவில் நிற்கும் தண்ணீர் வடிந்துவிடும். அக்கா வீட்டிலும் அந்த வால்வு இருந்தது, கூரை ட்ரைவாலுக்கு மேலே! பேஸ்மென்ட் வேலை செய்தவர்கள் ஒரு சிறு கதவுகூட வைக்காமல் மூடியிருக்கிறார்கள். அத்தானுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் எத்தனையோ தரம் அந்தக் கூடத்தில் இருந்து சாப்பிட்டிருக்கிறேன். பிளம்பர் என்று சொல்லிக்கொள்ளும் நான் "அந்த வால்வு எங்கே" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

இன்னொன்றும் கண்டேன். கண்ணாடிப் பஞ்சைப் பைப்புக்கும் அறைக்கும் நடுவில் அடைத்திருந்தார்கள். அதனால் அறையின் சூடு பைப்பைச் சேரவில்லை, பைப் குளிரின் பக்கம் தனியே நின்றது. பஞ்சு பைப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். அமெரிக்காவில் இலினோய் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வில், காப்பில்லாத இடத்துப் பைப்கள் வெளியே மைனஸ் 7 பாகையளவில் உறையத் தொடங்கும் என்று கண்டார்கள். ரொறன்ரோவில் மைனஸ் 7 என்பது சாதாரண ஜனவரி நாள்.

திருத்தியது

புதுக் குழாய், 10 அங்குலம், பழையதன் நீளமேதான். நீளத்தை அளக்காமல் வாங்கிக் குறுகியதைப் பூட்டினால் வாஷர் குளிர்ப் பக்கம் வந்துவிடும், பிறகு "உறையாத" என்ற பெயரில் பொருள் இல்லை. ஈயப்பற்று வைக்கும் நெருப்பைக் காய்ந்த மரமும் பஞ்சும் உள்ள அந்த இடுக்கில் பிடிக்க எனக்கு மனமில்லை. இப்படித் தொடங்கிய வீட்டுத் தீக்கள் உண்டு. புதுக் குழாயோடு ஒரு சிறு செப்புப் பைப் துண்டை வெளியே மேசையில் வைத்துப் பற்றவைத்து, ஆறியபின் உள்ளே கொண்டுபோய் அழுத்திப் பூட்டும் இணைப்பால் சேர்த்தேன். பற்றவைக்கும்போது குழாயைத் திறந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயுள்ள ரப்பர் வாஷர் வெந்துவிடும். பழைய உள்வால்வையும் மாற்றி, வடிகால் மூடி உள்ள பந்து வால்வு போட்டேன். கூரையில் ஒரு சிறு பிளாஸ்ரிக் கதவு. அதில் அத்தான் தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினார்: "பின்வளவுத் தண்ணீர். ஒக்டோபரில் மூடு."

பைப் வேலை அரை நாளில் முடிந்துவிட்டது. காய வைக்கத்தான் நாள் போனது. ஊறிய ட்ரைவாலில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் தொடங்கலாம் என்பதால் அன்றிரவே சுவரின் கீழ் இரண்டடியை வெட்டி எடுத்தோம். ஊறிய பஞ்சு எல்லாம் குப்பைக்குப் போனது. லாமினேட்டைக் காப்பாற்ற முடியவில்லை, அதன் உள்ளீடு அமுக்கிய மரத்தூள், ஒரு தடவை உப்பினால் திரும்பச் சுருங்காது. விசிறியும் ஈரமுறிஞ்சியும் ஐந்து நாள் இராப்பகலாக ஓடின. மரச்சட்டத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதை அளந்து பார்த்த பிறகுதான் புதுப் பலகை அடிக்க விட்டேன். மேலே காய்ந்தது போலத் தெரிந்ததும் மூடிவிடுகிறவர்கள் ஆறு மாதம் கழித்து அந்த மணத்தோடு என்னைக் கூப்பிடுகிறார்கள்.

காப்புறுதிக்கு அறிவித்தார்கள். அவர்கள் முதலில் கேட்டதே, "குளிர்காலத்தில் வீட்டில் இருந்தீர்களா?" என்பதுதான். இங்கே பல காப்புறுதிப் பத்திரங்களில், குளிர்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் வீட்டை விட்டுப் போனால், ஒன்றில் தண்ணீரை மூடி வடித்துவிட வேண்டும், அல்லது ஒருவர் நாள்தோறும் வந்து வீட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கும். அந்தப் பொடியன் ஒன்றுவிட்ட ஒரு நாள்தான் வந்திருந்தான். உடைந்தது தையிலா, நட்டம் வந்தது வைகாசியிலா என்று கடிதங்கள் போய்வந்தன. கடைசியில் தாங்கள் கட்ட வேண்டிய பங்கையும் இனி ஏறப்போகும் கட்டணத்தையும் கணக்குப் பார்த்துவிட்டு, அத்தான் கையிலிருந்தே செலவழித்தார். மார்கழி தையில் ஊருக்குப் போகும் ஒவ்வொரு குடும்பமும் பயணச்சீட்டு எடுக்கும் அன்றே இந்த விதியைத் தங்கள் பத்திரத்தில் தேடிப் பார்க்க வேண்டும். தலை வால்வை மூடிவிட்டுப் போவது எல்லாவற்றிலும் நல்லது. கறிவேப்பிலைச் சாடியை சிநேகிதர் வீட்டில் விடலாம்.

அதே கையோடு மற்ற இடங்கள்

ஒரு இடத்தில் இப்படி நடந்தபின் மீதி வீட்டைப் பார்க்காமல் விட மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சுற்றினோம்.

கராஜ் பக்கத்துக் குழாய் நன்றாக இருந்தது. பெருவிரலை உடனே தள்ளியது. அந்த வாயிலேயே அழுத்தமானி ஒன்றைப் பூட்டிப் பார்த்தேன். வீட்டுக்குள் வரும் அழுத்தம் 550 கிலோபாஸ்கலுக்கு மேல் போகக் கூடாது என்பது ஒன்ராறியோக் கட்டட விதி, சதுர அங்குலத்துக்கு 80 இறாத்தல் என்றால் பிளம்பர்களுக்குச் சட்டென்று விளங்கும். அதைத் தாண்டினால் அழுத்தம் குறைக்கும் வால்வு வேண்டும். இங்கே அளவோடு இருந்தது.

சம்ப் பம்ப் ஓடியதை முதல்நாளே பார்த்தேன். ஆனால் அது தள்ளும் தண்ணீர் வெளியே போய்ச் சேர்கிறதா என்று பார்க்கவில்லை. போய்ப் பார்த்தால், வெளிக்குழலின் வாய் சருகாலும் சேற்றாலும் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. பனிக்காலத்தில் அந்த வாயில் கட்டி பிடித்து அதன் மேல் குப்பை சேர்ந்திருக்கிறது. இதை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை. 2024 ஜூலை 16 அன்று ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில் ஒரே நாளில் 97.8 மில்லிமீட்டர் மழை விழுந்தது. 2013 ஜூலை 8 அன்று 126 மில்லிமீட்டர். இரண்டு தடவையும் நகரத்தில் ஏராளமான பேஸ்மென்ட்டுகள் நிரம்பின. வசந்தத்தில் சம்ப்பைப் பார்க்காதவர்கள் அதை ஜூலையில்தான் பார்க்கிறார்கள். சம்ப் பம்புக்கும், சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வுக்கும் ரொறன்ரோ நகரசபை மானியம் கொடுக்கிறது. வேலையைத் தொடங்குமுன் அதன் நிபந்தனைகளைப் படித்துக்கொள்ளுங்கள். பலர் வேலை முடிந்தபின் பற்றுச்சீட்டோடு மட்டும் போய் ஏமாந்து திரும்புகிறார்கள்.

தரைச் சாக்கடைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடுவதால் வீட்டுக் காற்று வரண்டு, சாக்கடை வளைவில் நிற்கும் தண்ணீர் வற்றிவிடும். வற்றினால் சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வரும். "பேஸ்மென்ட் மணக்குது" என்று வசந்தத்தில் வரும் அழைப்புகளில் பல ஒரு வாளித் தண்ணீரோடு தீர்ந்துவிடுகின்றன. அதற்கு நான் காசு வாங்குவதில்லை.

சலவை இயந்திரத்தின் ரப்பர் ஹோஸ்கள் வீடு வாங்கிய நாளிலிருந்து மாற்றாதவை, மடிப்பில் வெடிப்பு விழுந்திருந்தது. எஃகுப் பின்னல் போட்டதாக மாற்றினோம். சுடுதண்ணீர்த் தொட்டி வாடகைக்கு எடுத்தது, அடியில் துரு இல்லை, ஈரம் இல்லை. கழிப்பறைத் தொட்டியில் உணவுச் சாயம் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்ததில் மேல்மாடித் தொட்டி ஒழுகியது. சின்ன ரப்பர் மூடி, பத்து நிமிட வேலை.

அடுத்த வாரம் உறவுக்காரர் வீடுகள் மூன்றுக்குப் போனேன், ஒருவரும் கூப்பிடாமலே. பெரியம்மா வீட்டில் அதே பித்தளைக் கவை, அதே போல இறுக்கி மூடிய இரண்டு வால்வுகள். அந்த வருடம் அவர்கள் இன்னும் தண்ணீர் திறந்திருக்கவில்லை. பெரியம்மாவின் மகளை உள்ளே நிறுத்திவிட்டுக் குழாயை ஒரு கால் திருகல் திறந்தேன். "அண்ணா, சொட்டுது!" மூடிவிட்டோம். உள்வால்வையும் மூடினேன். சுவர் காய்ந்தபடியே இருந்தது, குழாயை மாற்றியதோடு வேலை முடிந்தது. அக்கா வீட்டில் ஐந்து நாளும் பல ஆயிரம் டொலரும் போன அதே உடைவுதான் இது. அங்கே ஒருவரும் உள்ளே நிற்கவில்லை, இங்கே ஒருத்தி நின்றாள்.

அதனால் இப்போது வசந்தத்தில் யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். இரவு உறைநிலை ஓய்ந்தபின், வெளிக்குழாய் மூடியிருக்க, வடிகால் மூடியும் பூட்டியிருக்க, உள்வால்வை மெல்லத் திறவுங்கள். சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அப்புறம் ஒருவர் உள்ளே, பைப் நுழையும் இடத்தில், டோர்ச்சோடு நிற்கட்டும். மற்றவர் வெளியே போய்க் குழாயைத் திறந்து பெருவிரலால் அழுத்திப் பார்க்கட்டும். தனியே இருப்பவர்கள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடலாம். இதற்கு இரண்டு பேர் வேண்டும்.

அதே ஆண்டு ஒக்டோபரில் அத்தான் எனக்கு ஒரு படம் அனுப்பினார். வாயில் ஒன்றும் இல்லாத தோட்டத்துக் குழாய், பிடி திறந்தபடி. அடுத்த படத்தில் கூரைக் கதவு திறந்திருக்க, வடிகால் மூடிக்குக் கீழே பழைய தயிர் வாளி ஒன்று, அதன் அடியில் கொஞ்சம் தண்ணீர். கவை எங்கே என்று கேட்டேன். ஹோஸோடு சேர்த்துக் கராஜில் தொங்குகிறது என்றார்.

அடுத்த மேயில் கன்று நடும் நாளுக்கு நானும் போனேன். அக்கா கீழே, கூரைக் கதவைத் திறந்து, கதிரையில் ஏறி நின்று பைப்பில் கையை வைத்திருந்தார். அத்தான் வெளியே குழாயைத் திறந்தார். நான் படிக்கட்டில் நின்று இரண்டு பேருக்கும் நடுவில் கேட்டுச் சொன்னேன்.

"காய்ஞ்சபடிதான் இருக்கு," என்றார் அக்கா. "ஹோஸைப் பூட்டச் சொல்லு."